புது அரசியலமைப்பு வந்தால் காணி ஒரே வருடத்தில் கிடைத்துவிடுமாம்! யார் சொன்னது?

பால்மரத்தான் | ஞாயிறு, இரவு 9.40

இன்று மாலை நம் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) கோயில் மண்டபத்துப் பேச்சுக்கு யார் யார் வந்திருந்தீர்கள்? தலைப்பு "போர் முடிந்த நாட்டில் புதிய அரசியலமைப்பு". பேச்சாளர் வெளியூர்க்காரர். இலங்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், பாதி நன்றாகவே இருந்தது. கடைசியில் ஒரு போடு போட்டார் பாருங்கள். "புது அரசியலமைப்பு வந்துவிட்டால் அங்குள்ள தமிழர்களின் காணிப் பிரச்சினை ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். ஆளும் கட்சிக்கு 225-இல் 159 இடம் இருக்கிறது, தடுக்க ஆள் இல்லை." மண்டபமே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

1987-இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்திலேயே காணி மாகாண சபைக்கு என்று எழுதியாயிற்று. அதே திருத்தத்தில் தேசிய காணி ஆணைக்குழு அமைக்க வேண்டும் என்றும் எழுதியாயிற்று. அந்த ஆணைக்குழு எங்கே? இன்றுவரை அமைக்கவில்லை. எழுதி வைத்ததையே செய்யாதவர்கள் புதிதாக எழுதி என்ன கிழிக்கப் போகிறார்கள்? இதைக் கேட்கத்தான் எழுந்தேன். மைக் என் கைக்கு வருவதற்குள் நன்றியுரைக்குத் தாவிவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

வாணி_ஈப்போ | இரவு 10.05

அண்ணா, நானும் அங்கேதான் இருந்தேன். "ஒரே வருடம்" என்பது மேடைப்பேச்சு, அதை விட்டுவிடுவோம். ஆனால் நம்பிக்கையே கூடாது என்று நீங்கள் பேசுவது சரியில்லை.

13ஆவது திருத்தம் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் அழுத்தத்தில் வந்தது. அதை மக்கள் கேட்டு எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. 2016-இல் தொடங்கிய முயற்சி வேறு மாதிரி. மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நாடாளுமன்றமே அரசியலமைப்புப் பேரவையாக உட்கார்ந்தது. 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்தது. இப்போதைய அரசு அந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 6 இடத்தில் 3 இடம் ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போயிருக்கிறது. அந்த ஊர் மக்களே நம்பிப் போட்டிருக்கிறார்கள். இங்கே சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் எதற்கு அழ வேண்டும்?

அப்புறம், காணி மாகாணப் பட்டியலில் 18ஆவது விடயமாகத் தெளிவாக இருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாது.

பால்மரத்தான் | இரவு 10.21

தங்கச்சி, 18ஆவது விடயத்தை முழுக்கப் படித்தீர்களா, பாதியில் மூடிவிட்டீர்களா? பின்னிணைப்பில் சொல்லியிருக்கும் அளவுக்குத்தான் என்று அதிலேயே இருக்கிறது. பின்னிணைப்பைப் புரட்டினால் முதலில் நிற்பது என்ன? அரச காணி தொடர்ந்து குடியரசுக்கே உரியது. மாகாணத்துக்குக் காணி வேண்டுமென்றால் மத்திய அரசு கொடுக்க வேண்டும். கொள்கை வகுப்பது தேசிய காணி ஆணைக்குழு. அது எங்கே?

2013 செப்டம்பர் 21-ஆம் தேதி வடக்கு மாகாண சபைத் தேர்தல். 38 இடத்தில் 30 இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ஊரெல்லாம் வெடி. ஐந்தே நாள். செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அரச காணி விஷயம் மாகாணத்துக்குப் பகிரப்படவில்லை என்று. ஜெயித்த மாலை வாடுவதற்குள் தீர்ப்பு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆணைக்குழுவைக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

கிராணி_பேரன் | இரவு 10.48

இருவருமே நுனிப்புல் மேய்கிறீர்கள். 13ஐப் பற்றிப் பேசுவதே வீண் வேலை. கூட்டாட்சி இல்லாமல் காணி அதிகாரம் என்பது பேச்சுக்குக்கூட உதவாது. 1957-இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம், 1965-இல் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம். இரண்டிலும் முக்கியமானது குடியேற்றக் காணிதான். 1965 ஒப்பந்தத்தில் வரிசையே போட்டிருந்தார்கள்: முதலில் அந்த மாவட்டத்தின் காணியில்லாதவர்கள், பிறகு வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்கள், அதன் பிறகுதான் மற்றவர்கள். என்ன ஆயிற்று? முதல் ஒப்பந்தம் 1958-இல் பிக்குமார் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் கிழிந்தது. இரண்டாவது அப்படியே கிடந்து செத்தது. 2000 ஆகஸ்டில் ஜனாதிபதி சந்திரிகா கொண்டுவந்த அரசியலமைப்பு வரைவை நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் கொளுத்தினார்கள்.

இன்னொன்று. பேச்சாளர் சொன்ன 159 கணக்கும் அரைகுறை. ஒற்றையாட்சி பற்றிய 2ஆம் உறுப்புரையையோ பௌத்தத்துக்கு முதலிடம் தரும் 9ஆம் உறுப்புரையையோ தொட்டால் மூன்றில் இரண்டு பங்கு போதாது. சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இதையெல்லாம் படித்தவர்கள் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். என் அப்பப்பா யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பால்மரத்தான் | இரவு 10.55

வந்துவிட்டார் ஐயா. படித்தவர்கள்.

நானும் அதைத்தானே சொல்கிறேன்? எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று. எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே நுனிப்புல் என்கிறீர்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கூட்டாட்சி வந்தாலும் அந்தக் காணி ஆணைக்குழுவை யார் அமைப்பார்கள்?

ஒரு_வாசகர் | இரவு 11.02

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். "காணி அதிகாரம்" என்று எல்லோரும் எதைச் சொல்கிறீர்கள்? அரச காணியைப் பங்கிடுவதா, பத்திரம் பதிவதா, ஆட்களை வெளியேற்றுவதா, இராணுவம் பிடித்து வைத்திருப்பதை விடுவிப்பதா? நாலும் நாலு விஷயம். முதலில் அதை முடிவு பண்ணிக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது.

பால்மரத்தான் | இரவு 11.04

சண்டை எங்கே நடக்கிறது? ஆணைக்குழு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

சித்தியவான்_சேகர் | திங்கள், காலை 7.15

பசியாறிவிட்டு வந்து பார்த்தால் இங்கே ஒரே அமளி. எனக்குத் தெரிந்தவரை இதற்கெல்லாம் காரணம் சம்பந்தன்தான். 2016-க்குள் தீர்வு, 2016-க்குள் தீர்வு என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். மக்களை ஏமாற்றினார். கடைசியில் என்ன கொடுத்தார்?

தோட்டத்து_மகன்_1962 | காலை 7.52

யாரடா துன் சம்பந்தனைக் குறை சொல்கிறவன்? சித்தியவானில் உட்கார்ந்துகொண்டு சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தனைப் பேசுகிறாயா? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பாட்டாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். தோட்டத்தையே வாங்கிக் கொடுத்தார். நீ என்ன வாங்கிக் கொடுத்தாய்?

சித்தியவான்_சேகர் | காலை 8.01

அண்ணே, நான் சொன்னது தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவராக இருந்த திருகோணமலை இரா. சம்பந்தன். 2024-இல் காலமானாரே, அவர். நம்ம பழைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தனை எதற்கு இழுக்கிறேன்?

தோட்டத்து_மகன்_1962 | காலை 8.10

அப்படியென்றால் முழுப்பெயர் போட்டு எழுது. நாங்கள் அவரைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஹட்டன்_சொந்தம் | காலை 9.30

எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் ஒன்று கேட்கலாமா? பால்மரத்தான் அண்ணன் 2013 தீர்ப்பைச் சொன்னார். அந்த வழக்கு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லவில்லை. வடக்கிலிருந்து அல்ல. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து. தோட்டத் துரை வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். நோட்டீஸ் வாங்கியவர் கண்டியில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்பதுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பன்னிரண்டு வருடமாக எல்லோரும் யாழ்ப்பாணத்துக் காணிக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அந்தத் தோட்டத்து மனிதரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

என் பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து மலாயா வந்தார். அவருடைய தம்பி கண்டிச் சீமைக்குப் போனார். நாங்கள் இங்கே நீல ஐ.சி. எடுத்தோம். அவர்களை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று ஆட்களை மூட்டை மாதிரி பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுசாகக் கிடைக்க 2003 ஆயிற்று. போன வருடம் ஹட்டன் போயிருந்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் மகனும் மருமகளும். கூரைத் தகரத்தின் மேல் காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறார்கள். வீடு கட்ட ஆளுக்கு 7 பேர்ச் காணி என்று 2015-இல் சொன்னது என் சொந்தக்காரர்களுக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு இந்தப் புது அரசியலமைப்பில் கொஞ்சம் ஆசை இருக்கிறது. 2023-இல் மலையகத் தமிழருக்காக ஹட்டன் பிரகடனம் என்று ஒன்றை இப்போதைய ஆளும் கட்சி வெளியிட்டது. மலையகப் பெண்கள் நாடாளுமன்றம் போயிருக்கிறார்கள். அது சும்மா இல்லை.

பால்மரத்தான் | காலை 9.58

அக்கா, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். நன்றி.

ஆனால் அந்தக் கட்சியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் பழைய வகுப்புகளில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று ஒரு பாடமே இருந்தது. அதில் தோட்டத் தமிழர்கள் யார் என்று கேட்டால் சொல்வார்கள். 1987-இல் 13ஆவது திருத்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கியது யார்? 2006-இல் வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் போனது யார்? அதே ஆட்கள்தான் இன்று தேசிய மக்கள் சக்தி என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர்கள் எழுதும் அரசியலமைப்பில் காணி ஆணைக்குழு இருக்குமா? இருந்தாலும் கூடுமா?

ஹட்டன்_சொந்தம் | காலை 10.12

உங்கள் பக்கத்துக்குப் பலம் கொடுக்க நான் எழுதவில்லை.

வாணி_ஈப்போ | மதியம் 12.40

ஆட்கள் மாறக் கூடாதா, அண்ணா? 1971-இலும் 1987–89-லும் துப்பாக்கி தூக்கிய கட்சி இன்று தேர்தலில் ஜெயித்து வந்திருக்கிறது. அதுவே பெரிய மாற்றம்.

கூட்டாட்சி வந்தாலும் பயனில்லை என்கிறீர்கள். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பேராக் மண் பேராக் மாநில அரசின் கையில். கோலாலம்பூர் நினைத்த மாத்திரத்தில் பிடுங்கிவிட முடியாது. அங்கேயும் அப்படி எழுதினால் ஏன் நடக்காது?

பால்மரத்தான் | மதியம் 12.58

இந்த உதாரணத்துக்குத்தான் காத்திருந்தேன்.

நிலம் மாநிலத்தின் கையில். ரொம்ப நல்லது. எங்கள் அப்பா ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தைக் கம்பெனி வீடமைப்புக்கு விற்றபோது மாநிலம் எங்கே போயிருந்தது? லயத்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலு மூலையிலும் பசை, நடுவில் கம்பெனி முத்திரை. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. அப்பா அதைக் கிழிக்காமல் வெந்நீர் தொட்டுத் தொட்டு உரித்தெடுத்து, பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னில் வைத்தார். நாளைக்கு வழக்குப் போட ஆதாரம் வேண்டுமாம். வழக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நிலத்தை மாற்றுவதற்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டது யார்? உங்கள் மாநிலம்தான்.

அதனால்தான் சொல்கிறேன். காணி யார் பட்டியலில் என்பது எனக்கு வேண்டாம். நோட்டீஸ் ஒட்டுகிறவனைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறதா? அங்கே அந்த இடத்துக்குப் பெயர் காணி ஆணைக்குழு. அது எங்கே?

கிராணி_பேரன் | மதியம் 1.30

தேசிய காணி ஆணைக்குழு தனிமனிதர் முறைப்பாடு கேட்கும் இடமே அல்ல. அரச காணிப் பயன்பாட்டுக்குக் கொள்கை வகுக்கிற அமைப்பு. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடாது. மேலும், உங்கள் தோட்டம் தனியார் கம்பெனி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் மட்டும் கம்பெனிகளுக்குப் போனவை. நிலம் அரசுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

ஒரு செய்தி சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பை எழுத டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசனை சொன்ன ஐவர் ஜென்னிங்ஸ்தான் பிறகு ரீட் கமிஷனில் உட்கார்ந்து நம் மலாயாவுக்கும் எழுதினார். அங்கே 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு சிறுபான்மையைக் காக்கும் என்றார்கள். தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிபோனபோது வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-இல் தோற்றது. 1972 குடியரசு அரசியலமைப்பில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே ஒற்றையாட்சிக்குள் போடும் எந்தக் காப்புறுதியும் பெரும்பான்மை நினைத்தால் காணாமல் போகும். கூட்டாட்சி ஒன்றே வழி.

பால்மரத்தான் | மதியம் 1.44

கொள்கை வகுக்கிற அமைப்போ, கொழுக்கட்டை பிடிக்கிற அமைப்போ, அது எங்கே என்றுதானே கேட்டேன்? இல்லை என்று ஒரு வரி சொல்ல உங்களுக்கு இத்தனை வரலாறு தேவைப்படுகிறது.

தோட்டத் தமிழரின் வாக்குரிமைக்கு இப்போது உருகுகிறீர்களே ஐயா, அன்றைக்கு அங்கே என்ன நடந்தது? யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் குடியுரிமைச் சட்டம் வந்த அதே 1948-இல் அமைச்சராகப் போய் உட்கார்ந்தார்.

கிராணி_பேரன் | மதியம் 1.50

அதை எதிர்த்துக் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறியவர் செல்வநாயகம். அதையும் சேர்த்து எழுதும் நேர்மை வேண்டும்.

பால்மரத்தான் | மதியம் 2.03

நேர்மையைப் பற்றித் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி வீட்டுப் பேரன் எனக்குப் பாடம் எடுக்கிறார்!

என் பாட்டி பால் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையில் வரிசையில் நிற்பார். கிராணி, பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளக்கும் மெட்ரொலாக்கை பாலுக்குள் விட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "தண்ணி கலந்திருக்கே" என்று கணக்கைக் குறைத்து எழுதுவார். விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய பால். மழைத்துளி விழுந்திருக்கும். பென்சிலும் அவர் கையில், புத்தகமும் அவர் கையில். எங்கள் சனத்தை மனிதராகவே மதித்ததில்லை. இன்று இலங்கைப் பிரச்சினை என்றால் மட்டும் நாமெல்லாம் தமிழர்.

கிராணி_பேரன் | மதியம் 2.20

என் அப்பப்பாவைப் பற்றி இனி ஒரு சொல் எழுதினால் நெறியாளரிடம் முறையிடுவேன். அவரும் சம்பளக்காரர்தான். துரை சொன்னதைச் செய்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்தபோது எத்தனை பேரை ஒளித்து வைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? படித்திருந்தது ஒரு குற்றமா? உங்களவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர்களில் எங்களவர்களும் உண்டு.

சித்தியவான்_சேகர் | மதியம் 2.31

உங்களவர், எங்களவர் என்று ஆரம்பித்துவிட்டது. வாருங்கள், ஒரு தே தாரிக் குடிப்போம்.

நெறியாளர் | மதியம் 3.00

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தலைப்பு அரசியலமைப்பு. பாட்டன் பாட்டி அல்ல. இன்னும் ஒரு முறை நடந்தால் இழையைப் பூட்டுவேன்.

பால்மரத்தான் | மதியம் 3.09

பாட்டன் பாட்டி இல்லாமல் காணி ஏது? சரி, தலைப்புக்கே வருகிறேன்.

பழைய கதையை விடுங்கள், இந்த அரசின் கதையைப் பாருங்கள். 2025 மார்ச் 28-ஆம் தேதி ஒரு வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு). வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. போரில் இடம்பெயர்ந்து உறுதிப்பத்திரத்தைத் தொலைத்தவன், உயிர் தப்பினால் போதும் என்று கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் ஓடியவன், மூன்று மாதத்தில் எங்கிருந்து உறுதி கொண்டுவருவான்? வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் பிடித்ததில் இன்னும் விடாத காணி இருக்கிறது. கேப்பாப்புலவில் பெண்கள் 2017-இல் முகாம் வாசலில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். தொல்லியல் ஒரு பக்கம், வனத் திணைக்களம் ஒரு பக்கம், மகாவலி அதிகார சபை ஒரு பக்கம். கிழக்கில் 2020-இல் தொல்லியலுக்கு ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்களே, போட்டபோது அதில் ஒரு தமிழராவது, ஒரு முஸ்லிமாவது இருந்தாரா? இவை எல்லாம் மத்திய அரசின் ஆட்கள். புது அரசியலமைப்பு இவர்களில் யார் கையைக் கட்டும்? காணி ஆணைக்குழு இருந்திருந்தால்…

வாணி_ஈப்போ | மதியம் 3.35

அந்த வர்த்தமானியை அரசே திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டது. எதிர்ப்பு வந்தது, கேட்டார்கள். முன்பிருந்தவர்கள் கேட்டிருப்பார்களா? உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எழுதுகிறீர்கள். செயலணியும் இந்த அரசு போட்டதல்ல. அது கோட்டாபய காலம்.

பால்மரத்தான் | மதியம் 3.41

உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை போட்டது, தங்கச்சி. அந்தப் பாதியை நீங்கள் எழுதவில்லை.

வாணி_ஈப்போ | மதியம் 3.50

அப்படியென்றால் நீதிமன்றம் வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 2013-இல் நீதிமன்றம் கெடுத்தது என்றீர்கள், 2025-இல் நீதிமன்றம் காத்தது என்கிறீர்கள். எழுதி வைத்த சட்டம் ஒன்று இருப்பதால்தானே நீதிமன்றம் போக முடிந்தது? நல்லதாக எழுதினால் இன்னும் நன்றாகப் போகலாம். நான் சொல்வது அவ்வளவுதான்.

பால்மரத்தான் | மதியம் 3.53

நான் சொல்வதும் அவ்வளவுதான். ஆணைக்குழு எங்கே?

ஹட்டன்_சொந்தம் | மாலை 5.15

காலையிலிருந்து பார்க்கிறேன். ஒருத்தர் கூட்டாட்சி, ஒருத்தர் ஆணைக்குழு. வடக்குக்குக் கூட்டாட்சி வந்தால் நுவரெலியாத் தோட்டக்காரர் எந்த மாகாணத்தில் இருப்பார்? மத்திய மாகாணத்தில். அங்கே அவர் சிறுபான்மை. அந்த மாகாண சபைக்குக் காணி அதிகாரம் கொடுத்தால் அவருக்கு என்ன லாபம்? கிராணி_பேரன் ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

கிராணி_பேரன் | மாலை 5.40

அது தனியாகப் பேச வேண்டிய விடயம். நிலத்தொடர்பில்லாத சமூகங்களுக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. முதலில் அடிப்படை தீர வேண்டும்.

ஹட்டன்_சொந்தம் | மாலை 5.44

1948-லிருந்து இதே பதில்தான். முதலில் அடிப்படை, அப்புறம் நீங்கள்.

தோட்டத்து_மகன்_1962 | மாலை 6.20

இதையெல்லாம் படித்தால் துன் சம்பந்தன் செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது. சட்டத்தில் எழுதுவதற்குக் காத்திருக்கவில்லை, காசைச் சேர்த்து நிலத்தை வாங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியபோது எங்கள் தோட்டத்தில் பாயசம் வைத்தார்கள்.

பால்மரத்தான் | மாலை 6.31

உங்கள் தோட்டத்தில் பாயசம். எங்கள் தோட்டத்தை யாரும் வாங்கவில்லையே அண்ணே. கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டத்தில் வேலை செய்தவனுக்கு நிலம் பெயரில் வந்ததா, பங்குப் பத்திரம் வந்ததா? அதையும் சொல்லுங்கள்.

தோட்டத்து_மகன்_1962 | மாலை 6.40

உனக்கு எதைச் சொன்னாலும் குறை. உன் அப்பா பங்கு வாங்கினாரா? அதைச் சொல் முதலில்.

பால்மரத்தான் | மாலை 6.42

பத்து வெள்ளி மிஞ்சியிருந்தால் வாங்கியிருப்பார். மிஞ்சாததற்குக் காரணம் மேலே எழுதியிருக்கிறேன். கொட்டகையில் மெட்ரொலாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவரைக் கேளுங்கள்.

கிராணி_பேரன் | மாலை 7.05

நெறியாளர் கவனிக்கவும்.

மெட்ரொலாக்கைப் பற்றித் தெரியாமல் எழுத வேண்டாம். அது பொய் சொல்லாது. பால் கெட்டியாக இருந்தால் ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே மிதக்கும். எதைக் காட்டியதோ அதைத்தான் எழுதினார்.

பால்மரத்தான் | மாலை 7.11

கெட்டியான பாலில் ஆழமாக இறங்குமா? கெட்டியானதில் எப்படி ஐயா இறங்கும்? தலைகீழாகச் சொல்கிறீர்கள். இப்படித்தான் எழுதியிருப்பார் உங்கள் அப்பப்பாவும்!

கிராணி_பேரன் | மாலை 7.15

ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ரப்பர் கூடக் கூடப் பால் இலேசாகும், கருவி இறங்கும். இது ஆறாம் வகுப்பு அறிவியல்.

சித்தியவான்_சேகர் | மாலை 7.20

ஐயா சொல்வது சரிதான். எங்கள் சித்தப்பா ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார்.

பால்மரத்தான் | மாலை 7.24

உங்கள் சித்தப்பாவை யார் கேட்டது? வாளி தூக்கியது என் பாட்டி.

நெறியாளர் | மாலை 7.30

காலை வரை பூட்டுகிறேன். பேச்சாளர் அடுத்த மாதம் திரும்பவும் வருகிறாராம். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கோயில் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு முறை மட்டும்.